கதண்டு செய்த பாவம்

2004இல் தென்மேற்குப் பிரான்சின் லோ-எ-கரோன் மாவட்டத்தில், ஐரோப்பா அதுவரை கண்டிராத ஒரு கதண்டு தென்பட்டது. கருத்த உடல், மஞ்சள் கால்நுனிகள். விலங்கியல் பெயர் வெஸ்பா வெலூட்டினா. சீனாவிலிருந்து மண்பாண்டம் ஏற்றி வந்த சரக்கில் ஒண்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதே இன்றைக்கும் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். பிற்பாடு நடந்த மரபணு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், ஐரோப்பாவில் பெருகிய கூட்டம் முழுவதும் பல ஆண்களோடு கூடியிருந்த ஒரே ஒரு ராணியின் வம்சமாக இருக்கக்கூடும் என்றது. பனிக்காலம் கழியட்டும் என்று ஏதோ ஓர் இடுக்கில் ஒடுங்கிக் கிடந்த ராணி, கண் விழித்தபோது வேறொரு கண்டத்தில் இருந்தது. 2010இல் ஸ்பெயின், 2011இல் போர்ச்சுகல், அடுத்து இத்தாலி, ஜெர்மனி, 2016இல் பிரிட்டன் என்று அதன் பிள்ளைகள் பரவிவிட்டன. அந்த வருடமே ஐரோப்பிய ஒன்றியம் அதை அபாயகரமான அந்நிய உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எப்படிக் கொல்வது, எவ்வளவு சீக்கிரம் கொல்வது, யார் செலவில் கொல்வது என்பவைதான் அங்கே பேச்சு. கொல்லலாமா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்பதற்காக ஒரு கேள்வி கேட்கத் தகாததாகிவிடாது. கொலையை இத்தனை நுணுக்கமாக எடைபோட்டுப் பார்த்த மரபுகளில் வளர்ந்தவர்கள் அதைக் கேட்டே ஆக வேண்டும். கொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்பதுதான் நான் வந்து சேரும் முடிவு. ஆனால் கொல்வதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தவறானது. காரணம் தவறும்போது கொல்லும் விதமும் அளவும் தவறிப்போகின்றன.

முதலில் தேனீப் பெட்டியின் வாசலில் நடப்பதைப் பார்த்துவிடலாம். கதண்டு பெட்டிக்குள் புகுந்து சூறையாடுவது குறைவு. வாசலுக்குச் சற்றுத் தள்ளி, அந்தரத்தில் அசையாமல் நின்று, பூவுக்குப் போய்விட்டு மகரந்தச் சுமையோடு திரும்பும் தேனீயைப் பறக்கும்போதே பிடிக்கும். பக்கத்துக் கிளைக்குக் கொண்டுபோய் ஒற்றைப் பின்காலால் தொங்கிக்கொண்டு தலையைக் கிள்ளும், இறக்கைகளையும் கால்களையும் நறுக்கும், வயிற்றுப் பகுதியையும் கழித்துப்போடும். மிஞ்சுவது மார்புப் பகுதி. பறப்பதற்கான தசை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அதை மென்று உருண்டையாக்கிக் கூட்டுக்கு எடுத்துப் போகும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த இறைச்சி கதண்டின் சொந்த வயிற்றுக்கு அல்ல. வளர்ந்த கதண்டின் இடுப்பு அவ்வளவு ஒடுக்கம். திட உணவு அதில் இறங்காது. உருண்டை புழுக்களுக்கு. புழுக்கள் பதிலுக்கு வாயிலிருந்து சுரக்கும் இனிப்பு நீரைத்தான் பெரியவை குடித்து உயிர் வாழ்கின்றன. கூட்டிலிருக்கும் தங்கைகளுக்கு ஊட்டவே வேட்டை. தேனீக்களின் பக்கம் நடப்பதோ, பிடிபட்டவற்றின் சாவோடு முடிவதில்லை. வாசலில் நாலைந்து கதண்டுகள் நிலைகொண்டுவிட்டால் தேனீக்கள் வெளியே வருவதையே நிறுத்திவிடுகின்றன. இலையுதிர்காலத்தில் சேமிக்க வேண்டிய தேனும் மகரந்தமும் சேராமல், குளிர்காலத்தில் கூட்டம் பட்டினியால் சாகிறது. கோட்டையை முற்றுகையிட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

இதில் குற்றவாளி யார்? 2020இல் அமெரிக்கப் பத்திரிகைகள் இதன் உறவான இன்னொரு கதண்டுக்கு, வெஸ்பா மாண்டரீனியாவுக்கு, ‘கொலைகாரக் கதண்டு’ என்று பட்டம் சூட்டின. உலகக் கதண்டுகளிலேயே பெரியது அது. முப்பது கதண்டுகள் சேர்ந்தால் முப்பதாயிரம் இத்தாலியத் தேனீக்கள் கொண்ட ஒரு கூட்டத்தைச் சில மணி நேரத்தில் தலை கொய்து தீர்த்துவிடும். பட்டம் பொருந்துவதாகத்தான் தோன்றும். ஆனால் கொலை என்ற குற்றத்துக்குக் கருத்து வேண்டும். பௌத்தம் செயலை எடைபோடுவது சேதனையால், அதாவது எண்ணத்தால். தெரிந்தே, வேண்டுமென்றே செய்ததுதான் முழு வினை. வேறு வழி ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்திருக்கலாம் என்ற அறிவு கதண்டுக்கு இல்லை. தங்கைகளைப் பட்டினி போடுவதோ தேனீயைப் பிடிப்பதோ என்று அது யோசிப்பதில்லை. பிரான்சில் நடந்த ஓர் ஆய்வின்படி ஒரு கூடு ஒரு பருவத்தில் சுமார் 11 கிலோ பூச்சிகளைத் தின்கிறது. அதில் தேனீ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி ஈக்களும் வேறு குளவிகளும் பிறவும். தேனீ என்பதால் அதற்குத் தனிப் பகை எதுவும் இல்லை. எளிதில், நிறையக் கிடைக்கும் இரை, அவ்வளவே.

திருக்குறளின் அமைப்பு இங்கே ஒரு வழி காட்டுகிறது. கொல்லாமை என்ற அதிகாரம் அறத்துப்பாலில், துறவறவியலில் இருக்கிறது. பொருட்பாலுக்கு வந்து செங்கோன்மை அதிகாரம் முடியும் இடத்தில், கொடிய கொலைகாரர்களை அரசன் ஒறுப்பதைப் பயிருக்கு இடையே களை பறிப்பதோடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். துறவிக்கு ஓர் அறம், நாட்டைக் காப்பவனுக்கு வேறோர் அறம் என்று இதை விளக்கிவிட்டு நகர்வது வழக்கம். கதண்டை அழிப்பதற்கும் இந்தக் குறளைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று தோன்றும். சற்று நின்று பார்த்தால் உவமையின் கனம் வேறு பக்கத்தில் இருக்கிறது. களைக்கு என்ன குற்றம்? விழுந்த இடத்தில் முளைத்தது. களை பறிப்பவர் அதைத் தண்டிப்பதில்லை, அதன்மேல் ஆத்திரப்படுவதும் இல்லை. பயிருக்குப் பொறுப்பேற்றவர் என்பதால் குனிந்து பிடுங்குகிறார். குற்றமுள்ளவனைத் தண்டிக்கும்போதுகூடக் குற்றமில்லாததை அகற்றுபவரின் மனநிலை வேண்டும் என்று அரசனுக்குச் சொல்வதாக இந்த உவமையை வாசிக்க இடமிருக்கிறது. எனக்கு இந்த வாசிப்புதான் பிடித்திருக்கிறது. கதண்டுக்கு இதைப் பொருத்தினால், அகற்றும் உரிமை அதன் குற்றத்திலிருந்து வருவதில்லை. அகற்றுபவரின் பொறுப்பிலிருந்து வருகிறது.

உடனே எழும் மறுப்பு வலுவானது. குற்றமற்றது என்று ஒப்புக்கொண்ட பிறகு கொல்வது, குற்றவாளி என்று நம்பிக் கொல்வதைவிட மோசமில்லையா? தெரியாமல் செய்பவருக்குக் கோபமாவது சாக்கு. தெரிந்து செய்பவருக்கு என்ன சாக்கு? இதற்குப் பதில் சொல்லப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மகாபாரதத்தில் ஆணிமாண்டவ்யர் கதை வருகிறது. செய்யாத திருட்டுக்காகக் கழுவில் ஏற்றப்பட்ட முனிவர், தருமதேவனிடம் போய்க் காரணம் கேட்கிறார். சிறுவனாக இருந்தபோது பூச்சியைப் புல்லால் குத்தினாய், அதன் பலன் இது என்கிறான் தருமன். அறியாப் பிள்ளை செய்ததற்கு இத்தனை பெரிய தண்டனையா என்று முனிவர் அவனையே சபிக்கிறார். இனிமேல் அறியாப் பருவத்தில் செய்வது பாவக்கணக்கில் சேராது என்று வரம்பும் கட்டுகிறார். பூச்சிக்கு இழைத்த கொடுமை கணக்கில் வரும் என்பதைக் கதை மறுக்கவில்லை. அறிவு வந்த பிறகுதான் கணக்கு தொடங்கும் என்று மட்டும் சொல்கிறது. பானைகளை இறக்குமதி செய்தவருக்கு உள்ளே ராணி இருப்பது தெரியாது. அந்தச் செயலில் பாவமில்லை என்று மாண்டவ்யர் தீர்ப்புச் சொல்வார். ஆனால் 2004க்குப் பிறகு தெரியாது என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. தெரியாமல் செய்ததன் விளைவு தெரிந்த பின்னும் தொடர்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது அகிம்சை ஆகாது. முன்பு அறியாமல் செய்ததை இப்போது அறிந்து செய்வதாகவே ஆகும்.

1926இல் அகமதாபாத்தில் ஒரு மில் முதலாளி தம் வளாகத்தில் திரிந்த அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்தார். ஊரில் பெரிய கொந்தளிப்பு. கொன்றவரைக் காந்தி கண்டிப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். யங் இந்தியாவில் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளில் அவர் அந்தச் செயலை ஆதரித்தார். கொல்வது பாவம்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் சொந்தக்காரன் இல்லாமல் நாய் திரிவது சமூகத்தின் அலட்சியம். பொறுப்பேற்காமல் ஒரு வாய் சோறு வீசிவிட்டு அதை ஜீவகாருண்யம் என்று நினைத்துக்கொள்வது போலி என்பது அவர் வாதம். அவர் வந்த முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தெருநாய் விஷயத்தில் கருத்தடை முதலான வழிகள் இன்று இருக்கின்றன. ஆனால் கேள்வியை அவர் திருப்பிப் போட்ட விதம் கதண்டுக்கு நன்றாகப் பொருந்தும். நாய் என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு, நாயை இந்த நிலைக்கு ஆளாக்கியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

சமணர்கள் இதை இன்னும் கறாராகப் பிரித்திருக்கிறார்கள். இல்லறத்தாருக்கு அவர்கள் சொல்லும் ஹிம்சை நான்கு. கருதித் திட்டமிட்டுச் செய்வது. சமையல் முதலான வீட்டு வேலையில் நேர்வது. உழவு முதலான தொழிலில் நேர்வது. தாக்குபவரிடமிருந்து காத்துக்கொள்ளும்போது நேர்வது. முதலாவது முற்றிலும் விலக்கு. மற்ற மூன்றையும் இல்லறத்தார் முழுக்கத் தவிர்க்க முடியாது, இயன்றவரை குறைக்க வேண்டும். கதண்டுக் கூட்டை அழிப்பதை நாலாவதில் சேர்த்துவிட்டால் நிம்மதி. தேனீ வளர்ப்பவர்களும் அப்படித்தான் சேர்க்க விரும்புவார்கள். நேர்மையாகப் பார்த்தால் அது அங்கே உட்கார மறுக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பிளெய்ன் நகரில் 2020 அக்டோபரில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். மாநில வேளாண்துறையினர் ஒரு வெஸ்பா மாண்டரீனியாவை உயிரோடு பிடித்து, அதன் இடுப்பில் சின்னஞ்சிறு ரேடியோ கருவியைப் பல் இடுக்கில் விடும் நூலால் கட்டி, தெம்புக்குப் பழ ஜாம் கொடுத்துப் பறக்கவிட்டார்கள். அது கூட்டுக்குத் திரும்பியது. பின்னாலேயே போய்ப் பார்த்தால் ஒரு மரப்பொந்து. தடித்த பாதுகாப்பு உடையோடு குழாய் வைத்துக் கதண்டுகளை உறிஞ்சி எடுத்தார்கள். பிளந்து பார்த்தபோது உள்ளே ஏறக்குறைய இருநூறு ராணிகள், வெளியே கிளம்பும் தறுவாயில். வீட்டுக்குத் திரும்பும் உயிரின் இயல்பையே அதன் இனத்தை அழிக்க வழிகாட்டியாக்கும் இந்த உத்தியைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. கருதி, திட்டமிட்டு, கருவி செய்து கொன்றது. சமணக் கணக்கில் முதல் வகை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். தற்காப்பு என்ற சொல்லுக்குள் புகுந்துகொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அப்படியானால் நியாயம் எங்கிருந்து வருகிறது? தீர்க்க வேண்டிய கடனிலிருந்து என்பேன். அமெரிக்காவுக்கு அந்தக் கதண்டைக் கொண்டுவந்தது மனித வணிகமாகத்தான் இருக்க வேண்டும். அது பெருகினால் சாகப்போகும் உயிர்களுக்கு, தேனீக்கு மட்டுமன்றி அங்குள்ள மற்றக் குளவிகளுக்கும் வண்டுகளுக்கும், மனிதர் பட்டிருக்கும் கடன் அது. வாஷிங்டனில் 2020இல் ஒரு கூடு, 2021இல் மேலும் மூன்று. அதன் பிறகு தேடியும் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் அந்தக் கதண்டு நாட்டிலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். நான்கு கூடுகளோடு அங்கே கொலை முடிந்தது. இந்த முடிவு முக்கியம். கடன் என்றால் அது தீரக்கூடியதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, அமெரிக்காவுக்குத் தேனீயும் அந்நியம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இத்தாலியத் தேனீ என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அதன் இனம் அந்தக் கண்டத்துக்கு 1622இல் வர்ஜீனியாவில் கப்பலிலிருந்து இறங்கியது. அதுவும் அங்கே பூர்வீகத் தேனீ வகைகளோடு பூவுக்குப் போட்டியிடும் குடியேறிதான். தேனும் மகரந்தச் சேர்க்கையும் காசு தருவதால் நான்கு நூற்றாண்டில் சொந்தமாகிவிட்டது. கதண்டு காசு தராததால் எதிரியாகிவிட்டது. பூர்வீகம் என்பதைப் புனிதமாக்கிக் கதண்டைக் கொல்பவர்களுக்கு இதற்குப் பதில் கிடையாது. பூர்வீகம் என் வாதத்துக்குத் தேவைப்படவில்லை. தேனீயைப் பெட்டியில் குடிவைத்தது மனிதர். சாதுவாக இருக்கும் வகையைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்தது மனிதர். காட்டில் தள்ளித் தள்ளி வாழ்ந்திருக்கும் கூட்டங்களை ஒரே வேலியோரம் ஐம்பது பெட்டிகளாக வரிசையில் நிறுத்தியதும் மனிதர். அந்த வரிசையே கதண்டுக்கு விரித்த விருந்து. ஆகத் தேனீ வளர்ப்பவர் வெறும் பாதிக்கப்பட்டவர் அல்லர். காரணத்தில் அவருக்கும் பங்குண்டு. சமணம் கள், ஊன் ஆகியவற்றோடு தேனையும் விலக்கியது. எடுக்கும்போது உயிர் சாகும் என்பது முதன்மையான காரணம். அடைச் சட்டங்களைச் சுழலும் எந்திரத்தில் வைத்துத் தேன் எடுக்கும் இன்றைய முறையில் அந்தச் சாவு குறைந்திருக்கலாம், நீங்கிவிடவில்லை. தேனீயின் பெயரால் கதண்டைக் கொல்கிறவர், தேனீக்குத் தாம் செய்வதையும் அதே தராசில் வைக்கக் கடமைப்பட்டவர். அந்த எடைக்குப் பிறகும் கட்டிவைத்த உயிரைக் காக்கும் பொறுப்பு கட்டியவருக்கு இருக்கிறது. பங்கு கூடக் கூடப் பொறுப்பும் கூடும்.

இயற்கையே பார்த்துக்கொள்ளும், ஜப்பானியத் தேனீ சமாளிக்கவில்லையா என்பது இன்னொரு மறுப்பு. ஆமாம், சமாளிக்கிறது, அதுவும் வியக்கத்தக்க விதத்தில். வேவு பார்க்க வரும் பெருங்கதண்டை அந்த ஊர்த் தேனீக்கள் நூற்றுக்கணக்கில் மொய்த்துப் பந்தாகச் சூழ்ந்து, கொட்டாமல், இறக்கைத் தசையை அதிரவைத்துச் சூடேற்றுகின்றன. பந்தின் நடுவே வெப்பம் 46, 47 டிகிரியை எட்டும். கரியமில வாயுவும் கூடும். கதண்டு அதில் செத்துப்போகும். தேனீயால் அதைவிட ஓரிரு டிகிரி கூடத் தாங்க முடியும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் அந்த இனத்தின் பாதுகாப்பு முழுவதும் நிற்கிறது. சீனாவில் அதே இனத் தேனீக்கள் மஞ்சள்கால் கதண்டைக் கண்டதும் வாசலில் வயிற்றை ஒருசேர ஆட்டி, பார்த்துவிட்டோம் என்று தெரிவிக்கின்றன. அதுவும் பெரும்பாலும் விலகிப் போகிறது. வியட்நாமில் இன்னொரு பெருங்கதண்டை விரட்ட விலங்குச் சாணத்தைப் பொறுக்கிவந்து வாசலைச் சுற்றி அப்புகின்றன. ஐரோப்பியத் தேனீக்கு இதில் எதுவும் சரியாக வராது. கற்றுக்கொள்ளட்டுமே என்பது கேட்க எளிது. அந்தக் கல்விக்கான கட்டணம் என்னவென்று பார்க்க வேண்டும். கற்காத கூட்டங்கள் எல்லாம் செத்துச் செத்து, கொஞ்சம் கற்றவை பிழைத்து, கணக்கற்ற தலைமுறைகளில் உருவானது அந்தச் சூட்டுப் பந்து. இன்றும் அதற்கு விலை இருக்கிறது. ஒருமுறை பந்தில் சேர்ந்த தேனீக்களின் ஆயுள் குறைகிறது. அப்படிச் சேர்ந்தவையே அடுத்த முறை ஆபத்து அதிகமான நடுப்பகுதிக்குப் போகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். மனிதர் பானை வாங்கியதற்காக ஐரோப்பியத் தேனீ அந்தக் கட்டணத்தைக் கட்டட்டும் என்று விடுவதை இயற்கைமேல் நம்பிக்கை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தேனீயே கதண்டைக் கொல்கிறது, அதனால் நாமும் கொல்லலாம் என்று எதிர்த்திசையில் வாதிடுவதும் நிற்காது. தேனீயின் செயலிலிருந்து நமக்கு அறம் எடுத்தால், கதண்டின் செயலிலிருந்தும் எடுக்க வேண்டிவரும்.

காரணம் மாறினால் கொல்லும் முறையும் மாறும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். கதண்டைக் குற்றவாளியாகப் பார்க்கும் மனம் எதைச் செய்யும் என்பதைப் பிரான்சின் தோட்டங்களில் வசந்தகாலத்தில் காணலாம். பாட்டிலை வெட்டி, பீரும் வைனும் இனிப்புப் பாகும் கலந்து மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், ராணிகள் விழட்டும் என்று. விழுவதில் பெரும்பகுதி வேறு பூச்சிகள்: ஈ, அந்துப்பூச்சி, உள்ளூர்க் குளவி. கொலைகாரனைப் பிடிக்கும் வேகத்தில் வழியில் நிற்பவர்களும் சாகிறார்கள். பிடித்தோம் என்ற திருப்தியில் யாரும் பாட்டிலின் அடியை எண்ணிப் பார்ப்பதில்லை. பூச்சிக்கொல்லியைத் தடவிய கதண்டை விட்டுக் கூட்டையே நஞ்சாக்கும் முறையும் சில இடங்களில் நடக்கிறது. அப்படிச் செத்த கூடு மரத்திலேயே தொங்கினால் அதிலுள்ள புழுக்களைப் பறவைகள் கொத்தும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் உச்சிக் கிளையில் கூடு கண்ணில் பட்டவுடன் ஆள் கூப்பிட்டு அழிக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அது பெரும்பாலும் காலி. வேலைக்காரக் கதண்டுகள் இறந்திருக்கும், புது ராணிகள் எப்போதோ கிளம்பிப் போயிருக்கும், அடுத்த வருடம் அந்தக் கூட்டுக்கு எதுவும் திரும்பி வராது. காலிக் கூட்டை எரிப்பதால் தேனீக்கு ஒரு பயனும் இல்லை. ஆத்திரம் தணியும், அவ்வளவுதான். கடனைத் தீர்ப்பவர் இப்படிச் செய்ய மாட்டார். பெட்டி வாசலில் கதண்டு நுழையாத கம்பி முகப்பு வைப்பது, பெட்டிகளுக்கு நடுவே மின்கம்பிச் சட்டம் நிறுத்தி அங்கே வந்து நிற்கும் கதண்டை மட்டும் பிடிப்பது, கோடையிலேயே கூட்டைத் தேடிக் கண்டு ராணிகள் பிறக்கும் முன் அகற்றுவது என்று அவர் வழிகள் குறுகியவையாக இருக்கும். தண்டிப்பவருக்கு எண்ணிக்கை பெருமை. கடன் தீர்ப்பவருக்குக் குறைவாகத் தீர்ந்தால் நிம்மதி.

தேனீ வளர்ப்பவர் இதைக் கேட்டால் எரிச்சல்படுவார். பெட்டி பெட்டியாகக் காலியாவது அவருக்கு; தராசு பிடிப்பது எழுதுகிறவருக்கா? நியாயமான எரிச்சல். கூட்டம் முற்றுகையில் இருக்கும்போது அவர் கையில் கிடைத்ததை எடுப்பதை நான் குறைசொல்ல வரவில்லை. நான் கேட்பது அரசுகளையும் ஊரையும். வாஷிங்டனில் முடிந்தது பிரான்சில் முடியாது. இருபது வருடம் கடந்துவிட்டது, கதண்டு நாடெங்கும் நிலைகொண்டுவிட்டது. பிரிட்டன் இன்னும் நடுவில் நிற்கிறது. 2023இல் அங்கே 72 கூடுகளைக் கண்டு அழித்தார்கள்; அது இன்னும் எண்ணக்கூடிய கொலை. எண்ணிக்கை கைமீறிப்போன இடத்தில் ‘ஒழிப்போம்’ என்ற சொல்லே ஆபத்தானது, ஏனென்றால் அது முடியாத கொலைக்கு முடிவுள்ள கொலையின் நியாயத்தைக் கடன் கொடுக்கிறது. அங்கே நியாயமாக எஞ்சுவது பெட்டிகளைச் சுற்றிய காவல் மட்டும்தான். ஆண்டுதோறும் நாடு முழுக்கப் பாட்டில் கட்டுவது வெறும் பழக்கம். 2025 மார்ச்சில் பிரான்ஸ் இந்தக் கதண்டின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. அது எந்தப் பக்கம் சாயும் என்பது பாட்டில்களின் எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

கொன்ற பிறகு என்ன? ஜப்பானில் கோயாசான் மலையின் கல்லறைத் தோட்டத்தில் கறையான்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நிறுவியவர்கள் கறையான் ஒழிப்பைத் தொழிலாகக் கொண்டவர்களின் சங்கம். கொன்றுவிட்டுக் கும்பிடுவது நல்ல நாடகம் என்று சிரிக்கத் தோன்றும். பாதி நியாயமும் அதில் உண்டு. சடங்கு அடுத்த கொலைக்கு அனுமதிச்சீட்டாக மாறுவதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் எண்ணிப் பார்க்காமல் கொல்பவரிடம் இல்லாத ஒன்று அந்தக் கல்லில் இருக்கிறது: செத்தது ஓர் உயிர் என்ற ஒப்புதல். நம் தரும நூல்கள் இதை இன்னும் நடைமுறைக்கு இறக்கியிருக்கின்றன. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது மனுஸ்மிருதி. அவற்றைத் தவிர்க்க முடியாது. அதற்கு ஈடாக அன்றாடம் ஐந்து வேள்விகள். அவற்றில் விருந்தினருக்குச் சோறு இடுவதும் பிற உயிர்களுக்குப் பலி வைப்பதும் அடக்கம். கொன்றதற்கு ஈடு வெறும் வருத்தம் ஆகாது. இருக்கும் உயிருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்பது அதன் கணக்கு. அந்த நூலோடு வேறு எத்தனையோ இடங்களில் எனக்குச் சண்டை உண்டு, இந்த இடத்தில் இல்லை.

கதண்டு விஷயத்தில் அந்த ஈட்டைத் துறைமுகத்தில்தான் செலுத்த முடியும். சர்வதேசச் சரக்கில் வரும் மரப்பெட்டிகளை மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியோ வேறு முறையிலோ பக்குவப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, மரத்தைத் துளைக்கும் பூச்சிகளுக்காக. அந்த விதி மரத்துக்கு மட்டும். சூடாக்கிய பிறகு அந்தப் பெட்டியின் இடுக்கிலோ, பக்கத்தில் அடுக்கிய பானைக்குள்ளோ ஒரு ராணி போய்ப் படுத்துக்கொண்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்பதென்றால் நேரமாகும், சரக்கின் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். இப்போதும் அந்த விலையை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்: பெட்டி காலியான தேனீக்காரர், பட்டினி கிடந்த கூட்டம், பாட்டிலில் மூழ்கிய அந்துப்பூச்சி, மரப்பொந்தில் உறிஞ்சப்பட்ட கதண்டு. பானையை வாங்கியவர் மட்டும் கொடுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பெரிய துறைமுகம் உள்ள சவானா நகருக்கு அருகே ஒரு தேனீ வளர்ப்பவர் கண்ணில் மஞ்சள்கால் கதண்டு பட்டது. அங்கே கூடுகளைத் தேடி அழிக்கும் வேலை அதிலிருந்து நடந்துவருகிறது.